ஈ மொய்க்காத தொட்டி

காலையில் உரக்கொட்டகைக்குள் நுழைந்ததும் அவள் செய்கிற முதல் வேலை கம்பியைத் தொட்டுப் பார்ப்பது. நான்கு செங்கல் தொட்டிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் முழங்கை ஆழத்துக்கு ஓர் இரும்புக் கம்பி செருகியிருக்கும். முதல் தொட்டியின் கம்பியை உருவினாள். சூடான தேநீர்க் குவளையைப் பிடித்த மாதிரி, கையை மாற்றி மாற்றித்தான் பிடிக்க முடிந்தது. நல்லது. நான்காவதும் அப்படியே. இரண்டாவதில் கொஞ்சம் சுணக்கம். மூன்றாவதை உருவினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்த மாதிரி இருந்தது.

நேற்றும் அப்படித்தான் இருந்தது. போன வாரமும் அப்படித்தான்.

குப்பை தானாகச் சூடாகும் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. அவளுக்கோ அதைச் சொல்லிச் சொல்லி அலுத்ததே இல்லை. கூட்டம் நெரிகிற பேருந்துக்குள் ஏறிப் பாருங்கள் என்பாள். வெளியே மழை பெய்தாலும் உள்ளே வெக்கை அடிக்கும். யாரும் அடுப்பு மூட்டவில்லை. இத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள், அவ்வளவுதான். தொட்டிக்குள்ளும் அதே கதை. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் காய்கறித் தோலையும் மிச்சச் சோற்றையும் தின்றுகொண்டிருக்கின்றன. தின்பவை மூச்சு விடும், மூச்சு விட்டால் சூடு வரும். அவற்றுக்கு வேண்டியது மூன்றே மூன்று: தீனி, காற்று, ஈரம். தீனியை வண்டி கொண்டுவருகிறது, தொட்டிக்கு ஒரு வண்டி. காற்றுக்காகத்தான் தொட்டிச் சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஈரம் அதிகமாகிவிடாமல் அடுக்குக்கு அடுக்கு காய்ந்த சருகு. பாலுக்கு உறை ஊற்றுவது போல மேலே இரண்டு கை பழைய உரம். இவ்வளவும் செய்துவிட்டால் யாரும் ஊதாமலே அடுப்பு எரியும்.

மூன்றாவது தொட்டிக்கும் இவ்வளவும் செய்திருந்தாள். அதே சருகு, அதே பழைய உரம், அதே கை.

“என்ன, நாடி துடிக்குதா?” என்றாள் சல்லடை. முதிர்ந்த உரத்தைச் சலிப்பது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர். காதில் விழுந்த எதுவும் அவளிடம் தங்காது என்பதும் ஒரு காரணம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

“இல்லக்கா. ஜில்லுனு இருக்கு.”

“உங்க தெருக் குப்பைதானே? சுத்தம் ஜாஸ்தியாயிருச்சு. கிருமியெல்லாம் செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நிக்குது போல.”

அவள் சிரித்தாள். ஆனால் குத்தியது. மூன்றாவது வண்டி சுற்றிவருவது அவள் குடியிருக்கும் தெருவை. மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லி ஊரெல்லாம் மன்றாடிக்கொண்டிருந்த காலத்தில் முதலில் பிரித்துத் தந்தது அந்தத் தெருதான். ஒரு பிளாஸ்டிக் உறை இருக்காது, ஒரு குண்டூசி இருக்காது. மழை தொடங்கிய பிறகும் அந்த வாளிகளில் மட்டும் புழு நெளிவதில்லை. தொட்டியில் ஈ மொய்ப்பதில்லை. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. இவ்வளவு அழகான தீனியை வைத்தும் தின்ன ஆளில்லாமல் கிடந்தது. கிளறிப் பார்த்தால் என்றைக்கோ போட்ட வெள்ளரித் தோல் இப்போதுதான் சீவியது போலப் பச்சையாக எட்டிப் பார்த்தது.

ஒன்பது மணி வாக்கில் சுகாதார ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே மூக்கைத் துடைத்துக்கொள்வார், பிறகு வெட்கப்பட்டுக் கைக்குட்டையை மடித்து வைத்துவிடுவார். இந்தக் கொட்டகைக்காக அலுவலகத்தில் வாதாடுகிறவர் அவர் ஒருவர்தான்.

“இப்பிடிப் பேசறேன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மழை முடிஞ்சதும் முடிவு எடுக்கப் போறாங்க. இந்த இடத்தை லாரி நிறுத்தறதுக்குக் கேக்கறாங்க. குப்பையெல்லாம் பழையபடி ஊருக்கு வெளிய மேட்டுல கொட்டிட்டா தீந்துச்சுங்கிறாங்க.”

“தீந்துச்சா? மேடு எங்க சார் தீருது? அது வளருது.”

“எனக்குத் தெரியுது. அவங்களுக்கு நான் காட்ட வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நீங்க பண்ற உரத்தைப் பூங்கா எடுத்துக்குதுங்கிறது. அது நின்னு போச்சுன்னா என் வாயில மண்ணு.”

நாக்கில் சனி என்பார்களே, அப்படி, அவர் சொல்லி வாய் மூடவில்லை, பூங்காக்காரர் உள்ளே வந்தார். பேச்சு வளர்ப்பவரல்ல. கையிலிருந்த நாற்றுப் பையை மேசை மேல் வைத்தார். இலைகளின் நடு பச்சையாக இருந்தது. ஓரம் மட்டும் நெருப்பில் காட்டி எடுத்தது போலப் பழுப்பாகச் சுருண்டிருந்தது.

“உங்க உரம் போட்ட வரிசை மட்டும் இப்பிடி. போடாத வரிசை ஜம்முனு நிக்குது.”

“எந்தத் தொட்டி உரம்ணா?”

“தொட்டியெல்லாம் எனக்குத் தெரியாது. மூட்டையில வந்தது. இனி நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்க.” கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார். “கோவத்துல சொல்லல. நாத்து என் புள்ளைங்க மாதிரி. அவ்வளவுதான்.”

ஆய்வாளர் ஒரு டப்பாவில் மூன்றாவது தொட்டியின் குப்பையை அள்ளிக்கொண்டார். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவதாகவும், முடிவு வர நாளாகும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் நாள் பார்த்துக் காத்திருக்கிற ஆள் இல்லை. ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. முதலில் ஒரு கேள்வி: கோளாறு தொட்டியிலா, குப்பையிலா? சுவரில் எங்காவது அடைப்பு இருக்கலாம், தரையில் நீர் தேங்கலாம். சோதிப்பது எளிது. அன்று வந்த மூன்றாவது வண்டியின் குப்பையை, காலியாக இருந்த பழைய மரப்பெட்டியில் போடச் சொன்னாள். நான்காவது வண்டியில் வந்ததில் ஒரு பங்கை மூன்றாவது தொட்டியின் மூலையைக் காலி செய்து அங்கே போட்டாள். இரண்டிலும் கம்பி செருகினாள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, மூன்றாவது தொட்டியின் மூலையில் கம்பி சுட்டது. மரப்பெட்டியில் ஜில்லிட்டது. ஆக, தொட்டி குற்றமற்றது. குளிர்ச்சி குப்பையோடு வண்டியேறி வருகிறது.

அடுத்தது ஈரம். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிய வேண்டும், அதுதான் அளவு. முதல் தொட்டியில் அப்படியே கசிந்தது. மூன்றாவதில் பிழிந்தபோது தண்ணீர் ஓடியது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, கூரையும் ஒழுகவில்லை. தோலுக்குள் இருந்த நீரையெல்லாம் யாரோ உறிஞ்சி வெளியே விட்டது போல இருந்தது.

அப்போதுதான் அவள் “ஸ்ஸ்” என்று கையை உதறினாள். முந்தின நாள் சல்லடைக் கம்பி கீறிய இடம் திகுதிகுவென்று எரிந்தது.

“எலுமிச்சம் தோல் பட்டிருக்கும்,” என்றாள் சல்லடை. அவளும் அப்படித்தான் நினைத்தாள். கையைக் கழுவினாள். ஆனாலும் மனசு கேட்காமல், கழுவிய கையை முதல் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தாள். அதிலும் எலுமிச்சம் தோல் கிடந்தது. எரியவில்லை.

சாயங்காலம் தெருவுக்குத் திரும்பியவள் வீட்டு வாசல்களில் இருந்த பச்சை வாளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூடி போட்டு, துடைத்து, வரிசையாக நின்றன. எதிர்வீட்டு டீச்சர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, வாளியை இப்பிடி முறைச்சுப் பாக்கறே? எங்க தெருவுல புழுவைக் கண்டுபிடிச்சா பரிசு தர்றேன்.”

“அதான் டீச்சர், எப்பிடின்னு பாக்கறேன்.”

“எல்லாம் உங்க வீட்டுக்காரர் புண்ணியம்,” என்று டீச்சர் சிரித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தன் வீட்டுக்காரர் தெருவில் நல்ல பெயர் எடுத்தவர் என்பது அவளுக்குத் தெரியும். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள்.

அவருக்கு ஐஸ் தொழிற்சாலையில் வேலை. பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டிருக்கும். அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை இறக்குவார்கள். உப்புத் தண்ணீர் எவ்வளவு குளிர்ந்தாலும் சீக்கிரம் உறையாது. அதன் குளிரில் பெட்டிக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் பாறையாக இறுகிவிடும். கல்யாணமான புதிதில் இதை அவர் விளக்கியபோது அவள் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டு இரண்டு பேரும் சோற்றை மறந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தொழில் அவருக்குக் கொடுத்தது சம்பளமும், வெடித்த விரல்களும். தினமும் வேலை முடிந்து வந்ததும் கை கழுவி எண்ணெய் போட்டுக்கொள்வார்.

அன்றும் போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் ஊறியிருந்த தண்ணீர் வழிந்து வெடிப்பில் பட்டது. “ஸ்ஸ்” என்று உதறினார்.

அவள் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அதே உதறல். அதே சத்தம்.

“என்னங்க, எரியுதா?”

“உப்புத் தண்ணிடீ. எரியாம குளுகுளுன்னா இருக்கும்?”

அவள் சட்டியில் வெந்துகொண்டிருந்ததைக் கிளற மறந்து, கரண்டியோடு நின்றாள்.

மறுநாள் இரண்டு தொட்டிகளின் அடியிலிருந்தும் கசிவு நீரைத் தனித்தனிப் புட்டியில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வெயில் இருந்திருந்தால் தட்டில் ஊற்றிக் காயவைத்திருப்பாள். வானம் மூடிக் கிடந்ததால் அடுப்புதான் கதி. சமையல் முடிந்ததும், தூக்கிப் போட வைத்திருந்த இரண்டு பழைய தகர மூடிகளை எடுத்தாள். ஒன்றில் முதல் தொட்டி நீர், இன்னொன்றில் மூன்றாவது. சிறு தீயில் வைத்துவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்தாள். வீடு நாறியது. தண்ணீர் வற்ற வற்ற முதல் மூடியில் தேநீர்க் கறை போலப் பழுப்பு மட்டும் படிந்தது. மற்றதில் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை வளையம் உள்நோக்கி வளர்ந்தது. கடைசியில் மூடி முழுவதும் பொரிந்த மாதிரி வெள்ளைப் பொருக்கு.

மூடிகளை ஆறவைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். அடுப்பு மேடையில் வெள்ளையாக ஏதோ இருப்பதைக் கண்டார். தொழில் பழக்கம்: தொழிற்சாலையில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி இருந்தாலும் அவர் முதலில் நம்புவது நாக்கைத்தான். விரலால் தொட்டார், வாயில் வைத்தார்.

“அய்யய்யோ! துப்புங்க! அது குப்பைத் தண்ணி!”

அவர் முற்றத்துக்கு ஓடித் துப்பினார், கொப்பளித்தார், மறுபடி துப்பினார். அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“சிரி, நல்லா சிரி. புருஷனுக்கு விஷம் வெச்சுட்டுச் சிரிக்கிற பொம்பளைய இப்பத்தான் பாக்கறேன்.”

“யாரு வாயில வைக்கச் சொன்னா? சரி, வெச்சது வெச்சாச்சு. என்னன்னு சொல்லுங்க.”

“இதுல என்ன சந்தேகம். உப்பு. எங்க ஆலை உப்பு மாதிரியே...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை. அவள் சிரிப்பும் மெல்ல வடிந்தது.

“என்னங்க?”

“இது எந்தத் தொட்டி?”

“மூணாவது. நம்ம தெரு.”

அவர் முற்றத்துப் படியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான்தான் குடுத்தேன்.”

கதை இதுதான். மழை பிடித்ததும் ஓடைப் பக்கத்துச் சாலை மூழ்கியது. வண்டி ஒன்றுவிட்டு ஒருநாள்தான் வர முடிந்தது. மூடிய வாளிக்குள் ஈரக்குப்பை இரண்டு நாள் இருந்தால் புழு வைக்காமல் என்ன செய்யும்? தெருமுனை டீக்கடையில் பேச்சு கிளம்பியது. பிரிச்சு வை, பிரிச்சு வைன்னு பாடம் எடுத்தாளே, அவ வீட்டு வாசல்லயே கொண்டுபோய்க் கொட்டுவோம் என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் தொழிற்சாலையில், தரையில் சிந்தி அழுக்கான உப்பு மூட்டை கட்டிக் கிடப்பதைக் கேட்டு வாங்கி வந்தார். வீடு வீடாகப் போனார். தினமும் குப்பை மேலே ஒரு கை நிறையத் தூவுங்க, புழு அண்டாது என்றார். அண்டவில்லை. டீக்கடைப் பேச்சும் அடங்கிவிட்டது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னா அந்த டீக்கடைப் பேச்சையும் சொல்லணும். நீ மனசு கஷ்டப்படுவே. அதான் யாரும் அவகிட்ட மூச்சு விடாதீங்கன்னேன்.” பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், “அக்காவும் கேட்டா. அவளுக்கும் ஒரு மூட்டை குடுத்தேன். அவ தெருப் பூரா பங்கு போட்டுட்டா.”

நாத்தனார் வீடு இரண்டாவது வண்டி போகும் தெருவில். இரண்டாவது கம்பி ஏன் சுணங்கியது என்று அவளுக்கு இப்போது விளங்கியது. உப்போடு எப்படியோ மக்கி, மூட்டையேறிப் பூங்காவுக்குப் போனது அந்தத் தொட்டி உரம்தான்.

கோபம் வந்தது. எவ்வளவு குப்பையைத் தன் கையால் புரட்டியிருப்பாள். எத்தனை முறை தன்னையே சந்தேகப்பட்டிருப்பாள். பூங்காக்காரர் வைத்துவிட்டுப் போன கருகிய நாற்று கண்ணில் நின்றது. ஆனால் அவர் வெடித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தவறியவன் மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்தக் கோபத்தைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“ஊறுகாய் ஏங்க கெடுறதில்ல?” என்று கேட்டாள்.

“உப்பு போடறதால.”

“இத்தனை நாளா என் தொட்டியில ஊறுகாய் போட்டிருக்கேன். சாப்பிடத்தான் ஆள் வரல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கலாமா என்று அனுமதி கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

“நீங்க பொருளை அழுகாம பாத்துக்கற ஆளு. நான் அழுக வைக்கிறவ,” என்றாள் அவள். “இதை யோசிச்சுல்ல பொண்ணு பாத்திருக்கணும்.”

விடை கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. உப்பை நிறுத்தச் சொல்வது ஒரு நிமிட வேலை. நிறுத்தினால் புழு வரும். புழு வந்தால் பழையபடி எல்லாவற்றையும் ஒரே பையில் முடிச்சுப் போட்டு ஓடையில் வீசுவார்கள். உப்பு ஒரு நிஜமான தொல்லையைத்தான் தீர்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கினால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். உப்பு என்ன செய்தது? குப்பையிலிருந்த நீரை வெளியே இழுத்து, உயிர் எதுவும் அண்டாமல் செய்தது. அவளுக்கு வேண்டியது, நீரைத் தானே குடித்துக்கொண்டு, ஈ முட்டையிட முடியாதபடி மேலே மூடிக்கொண்டு, ஆனால் எதையும் கொல்லாத ஒன்று. சருகு அப்படிப்பட்டதுதான். மழைக்காலத்தில் காய்ந்த சருகுக்கு வீடுகள் எங்கே போகும்? கொட்டகையில் இருந்த இருப்பே தொட்டிகளுக்குத்தான் காணும். செய்தித்தாளைக் கிழித்துப் போடலாமா என்றால், இப்போது எத்தனை வீட்டில் செய்தித்தாள் வாங்குகிறார்கள்?

அடுத்த நாள் மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். வழக்கமில்லை, அவருக்கே ஆச்சரியம். மிச்சம் கிடந்த உப்பு மூட்டைகளைப் பூட்டி வைத்தாகிவிட்டதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். அது பாதி உண்மை. நேற்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது மீதி.

தொழிற்சாலை வாசலில் பனிக்கட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டியையும் இறக்கி, சாக்குப் பையிலிருந்து மரத்தூளை வாரி மேலே கொட்டி, அதன் மேல் அடுத்த கட்டி. சுற்றிலும் தரை சேறாக இருந்தது. மரத்தூள் சிந்திய இடம் மட்டும் காய்ந்திருந்தது. அவள் குனிந்து ஒரு கை அள்ளினாள். மேலாக உலர்ந்து, அடியில் ஈரமாக, ஆனால் ஒரு சொட்டுகூட வழியாமல் இருந்தது. பிழிந்து பார்த்தாள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு.

அவர் சோற்றுப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

“தண்ணியைக் குடிக்குது,” என்றார் மெதுவாக.

“மூடிக்கவும் மூடிக்கும். மரம்தானே? சருகுக்கு அண்ணன் முறை. தொட்டிக்குள்ள போனா அதுவும் மக்கும். இது உப்புப் படாத தூளா?”

“ஏத்தற இடத்துல உப்புக்கு என்ன வேலை? பின்பக்கம் மரமில்லுலேருந்து வருது. நாங்க எடுக்கறது கொஞ்சம். மிச்சத்தை வெச்சுக்க இடமில்லாம கொளுத்திட்டிருக்காங்க. புகை எங்க கண்ணுலதான்.”

“பலகைக்கு மருந்து, வார்னிஷ் எதுனா அடிக்கிறாங்களா?”

“வெறும் மரம்தான். எதுக்கும் நான் கேட்டுடறேன்.”

“கேளுங்க. நாக்குல மட்டும் வெச்சுப் பாத்துராதீங்க.”

தெருவுக்குச் சொல்ல அவளே போவதாக இருந்தாள். அவர்தான் தடுத்தார். “நான் கட்டின முடிச்சு. நானே அவுக்கறேன்.” தோளில் மரத்தூள் மூட்டையோடு முதல் வாசலில் நின்றபோது அவர் காது சிவந்திருந்ததை அவள் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தாள். டீச்சர் விடவில்லை.

“நேத்து வரைக்கும் உப்புன்னீங்க, இன்னைக்குத் தூளுங்கறீங்க. நாளைக்கு மிளகாயைக் கொண்டாருவீங்களா?”

“உப்புனால அவ தொட்டியெல்லாம் செத்துப் போச்சு டீச்சர். நான்தான் தெரியாமப் பண்ணிட்டேன்.”

அதை அவர் ஒவ்வொரு வாசலிலும் அதே சொற்களில் சொன்னார். சில இடத்தில் சிரித்தார்கள். டீக்கடைக்காரர் சிரிக்காமல் தன் கடைக்கும் ஒரு மூட்டை கேட்டார். நாத்தனார் தெருவுக்கு அவர் போய்வந்த பிறகு, நாத்தனாரே வீட்டுக்கு வந்து, தம்பிக்கு அறிவுரை சொல்லத் தான் ஒருத்தி இருந்தும் தன்னைக் கேட்காமல் செய்ததால்தான் இப்படியாயிற்று என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, போகும்போது தன் பங்குத் தூளையும் வாங்கிக்கொண்டு போனார்.

உப்பேறிய குப்பையை என்ன செய்வது என்பது தனி வேலையாக இருந்தது. அவளும் சல்லடையும் அதன் மேல் வாளி வாளியாக மழைநீரை ஊற்றினார்கள். அடியில் வடிந்ததைச் சாக்கடைக் குழாயில் விட்டார்கள். வடிந்த நீரை அவ்வப்போது தகர மூடியில் வற்றவைத்துப் பார்த்தாள். இப்போது கொட்டகையிலேயே ஓர் அடுப்பு. வெள்ளை வளையம் நாளுக்கு நாள் மெலிந்தது. அது பழுப்புக் கறையாக மாறும் வரை அதிலிருந்து ஒரு கூடைகூட வெளியே போகாது என்று ஆய்வாளரிடம் சொல்லிவிட்டாள். அலுவலகம் என்ன முடிவெடுக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. கூட்டத்துக்குக் கையோடு கொண்டுபோக ஏதாவது கொடுங்கள் என்று மட்டும் கேட்டார்.

மூன்றாவது தொட்டியைக் கழுவிவிட்டு, மரத்தூளோடு வந்த புதுக் குப்பையால் மறுபடி நிரப்பினார்கள். கம்பியைச் செருகினாள். இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தால் பால் உறையாது என்பது போல.

அதற்கடுத்த காலை அவள் கொட்டகைக்கு வரும்போது சல்லடை வாசலிலேயே நின்று கூவினாள்.

“வாடி, வா! விருந்தாளி வந்திருக்காங்க!”

ஆய்வாளரோ என்று பயந்து வேகமாக வந்தாள். மூன்றாவது தொட்டியின் விளிம்பில் இரண்டு மூன்று ஈக்கள் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தன. செங்கல் இடைவெளிகளிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து காலைக் குளிரில் கலைந்தது.

பூங்காக்காரரும் வந்திருந்தார். ஆய்வாளர் சொல்லி அனுப்பினாராம். கையில் ஒரு சிறு கூடை. “முதல் தொட்டி உரம் ஒரு கூடை போதும். ஒரு தட்டு நாத்துக்குப் போட்டுப் பாக்கறேன். இலை கருகலன்னா மேற்கொண்டு பேசலாம்,” என்றார்.

“இருங்கண்ணா. முதல்ல இதைப் பிடிங்க.”

அவள் மூன்றாவது தொட்டியின் கம்பியை உருவி, மேல்முனையைத் தன் முந்தானையால் பிடித்து, அடிமுனையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் சாதாரணமாக வாங்கினார். அடுத்த நொடி “அம்மாடி” என்று வலக்கையிலிருந்து இடக்கைக்கும், இடக்கையிலிருந்து வலக்கைக்கும் மாற்றினார். கூடை கீழே உருண்டது. கம்பியிலிருந்து ஆவி பறந்தது.

“என்ன பண்ணீங்க?” என்றார், கம்பியைக் கீழே போட மனமில்லாமல்.

“ஒண்ணுமில்லண்ணா,” என்றாள் அவள். “வாளியில ஈரக்குப்பை போடறப்பல்லாம் மேல ஒரு கை மரத்தூள். அப்புறம் மூடி. உப்பு போடறதில்ல.”